நரம்பு ஒயர் இல்லை: ஒரு கேள்வியும் அதன் பின்னால் வந்த குறிப்புகளும்

கேள்வி (தேவகோட்டைத் தம்பி ஒருவர்), மார்ச் 4

அண்ணே, நரம்பு என்பது உடம்புக்குள் ஓடும் ஒயர்தானே? மூளை மெயின் போர்டு, முதுகுத்தண்டு மெயின் கேபிள், கை கால் எல்லாம் பாயிண்ட். எங்கள் ஐயாவுக்குச் சர்க்கரையில் கால் மரத்துவிட்டது. ஒயர் அறுந்துபோச்சு என்கிறார்கள். அறுந்த ஒயருக்கு ஜாயிண்ட் போடலாமே, நரம்புக்கு ஏன் முடியாது? நீங்கள் வயரிங் வேலை பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

மார்ச் 4, இரவு 10.15

ஒயர் இல்லை, தம்பி. இருபத்தாறு வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக ஒயர் இழுக்கிறேன். போன சித்திரை வரைக்கும் நானும் நீ சொல்வதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரையில் எங்கள் ஆத்தாவுக்கு ஒன்று நடந்தது. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்கக்கூடியவர்களிடம் எல்லாம் கேட்டேன். ஆத்தா கதையை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் ஒயர். ஒரு முனையில் பேஸ் கொடுத்தால் மறுமுனையில் பல்பு எரியும். நடுவில் இருக்கும் செம்பு ஒன்றும் செய்வதில்லை, சும்மா கிடக்கிறது. நீளம் கூடினால் வோல்டேஜ் டிராப் ஆகும். இங்கே ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று இருக்கும் வீடுகளில், முகப்புப் போர்டிலிருந்து கடைசிக் கட்டுக் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய ஒயரில் லைன் இழுத்தால் மோட்டார் முனகும், சுற்றாது.

நரம்பில் அந்த டிராப் கிடையாது. கால் பெருவிரலில் கிளம்பும் சிக்னல் ஒரு மீட்டர் ஓடி இடுப்புக்கு வரும்போதும் அதே அளவில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நரம்பு இழைக்குள் இருப்பது உப்புக் கரைந்த தண்ணீர் மாதிரியான சமாச்சாரம். செம்போடு வைத்துப் பார்த்தால் கடத்துவதில் படுமோசம். சும்மா விட்டால் சில மில்லிமீட்டரிலேயே சிக்னல் செத்துவிடும். சாகாமல் இருப்பதற்குக் காரணம், வழியில் ஒவ்வொரு இடத்திலும் அது புதிதாகப் பிறக்கிறது.

முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவுக்கு இப்போது தெருவெல்லாம் ஓடும் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருக்கிறோம். வெளிச்சம் ஓடுகிற மாதிரி தெரியும், ஆனால் எந்தப் பல்பும் நகர்வதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் எரிந்து அணைகிறது. நரம்புச் சிக்னல் அப்படி.

மார்ச் 5, காலை 6.30

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதை நேற்று விட்டுவிட்டேன். மூளையிலிருந்து வருவதில்லை. நரம்பு இழை முழுக்கவே, தலையிலிருந்து கால்வரை, பேட்டரி மாதிரி சார்ஜ் ஆகி நிற்கிறது.

நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியைவிட சுமார் முப்பது மடங்கு. வெளியே சோடியம் அதிகம், உள்ளே இருப்பதைப் போல் சுமார் பத்து மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைப் பிடித்து வைத்திருப்பது சவ்வில் இருக்கும் ஒரு பம்ப். செல்லுக்கு எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதோடு பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே போய்க்கொண்டிருப்பதால், செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக, அதாவது மைனஸ் 70இல் நிற்கிறது.

70 மில்லிவோல்ட்டா, டெஸ்டர்கூட எரியாதே என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அப்புறம் அந்தச் சவ்வின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டேன். ஏழெட்டு நானோமீட்டர்தான். அவ்வளவு மெல்லிசுக்கு இரு பக்கமும் 70 மில்லிவோல்ட் என்றால், சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் வோல்ட். காற்றில் சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட்டுக்கே பொறி பறந்துவிடும். வேலைக்குப் போகும் வழியில் டீக்கடையில் இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டு, டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இது இரவும் பகலும் நின்றுகொண்டிருக்கிறது.

உப்பின் அடர்த்தி வித்தியாசத்திலிருந்து வோல்டேஜ் பிறப்பது மின்வேதியியல். அதற்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட சிக்ரி. அதன் மதில் ஓரமாக எத்தனையோ வருஷம் சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே பேசும் விஷயம் என் காலுக்குள்ளும் நடக்கிறது என்று தெரியாமல் போயிருக்கிறேன்.

மார்ச் 5, இரவு 9.50

நேற்றைய சீரியல் லைட் உவமையில் ஓட்டை இருக்கிறது. ஓடும் லைட்டில் எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று சொல்ல ஒரு கன்ட்ரோலர் டப்பா உண்டு. நரம்பில் டப்பா கிடையாது. பக்கத்தில் எரிந்ததுதான் அடுத்ததை எரிய வைக்கிறது. அதனால் சரவெடிதான் சரி.

நடப்பது இது. ஓர் இடத்தில் உள்வோல்டேஜ் மைனஸ் 70இலிருந்து ஏறி மைனஸ் 55ஐத் தொட்டால், அங்கே இருக்கும் சோடியம் கதவுகள் படாரென்று திறக்கும். சோடியம் உள்ளே பாயும். உட்புறம் பிளஸ் 30, 40 வரை போய்விடும். அந்த ஏற்றம் பக்கத்து இடத்தையும் மைனஸ் 55க்குத் தள்ளும், அங்கே கதவு திறக்கும், இப்படியே போகும். ஓர் இடத்தில் இந்தக் கூத்து முடிய ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். வெடித்த வெடி உடனே மறுபடி வெடிக்காது என்பதால் சிக்னல் வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே போகிறது.

மைனஸ் 55ஐத் தொடாவிட்டால் ஒன்றுமே நடக்காது. தொட்டுவிட்டால் முழுசாக வெடிக்கும். பாதி வெடி கிடையாது. அப்படியானால் லேசாகத் தொட்டதும் அழுத்திக் கிள்ளியதும் எப்படி வேறுவேறாகத் தெரிகிறது? எண்ணிக்கையில்தான். ஒரு நொடிக்கு எத்தனை வெடி என்பதை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. 1920களில் எட்கர் ஏட்ரியன் இதை ஒற்றை நரம்பிழையில் அளந்து காட்டினார்.

கதவு விஷயத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கணவாய் மீனில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பிழை இருக்கிறது. 1939இல் பிளைமவுத்தில் அதற்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் வைத்து வோல்டேஜ் பார்த்தார்கள். பூஜ்யம் வரை வந்து நிற்கும் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். அது பூஜ்யத்தைத் தாண்டி பிளஸ் பக்கம் ஏறியது. உடனே உலகப் போர் வந்து வேலை நின்றது. 1952இல் முழுக் கணக்கோடு எழுதினார்கள், 1963இல் நோபல். எங்கள் தொழிலில் லைனில் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் எதையும் நம்புவோம். அதனாலேயே இவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

மார்ச் 7, மதியம் 2.20

ஆத்தா கதை.

ஆத்தாவுக்குச் சர்க்கரை பதினான்கு வருஷமாக. கால் விறுவிறுவென்று இருக்கிறது, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாச்சுல்ல என்று நாங்கள் விட்டுவிட்டோம். போன சித்திரையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் ஆச்சிக்கு ஒத்தாசையாக வத்தல் போட வந்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வளவு முற்றத்துக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஆத்தா வெறுங்காலோடு நின்று வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தைச் சுற்றி ஓடும் பத்தியில் ஏணிமேல் நின்று பழைய மரக் கேசிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பட்டாலையிலிருந்து ஆச்சி கூப்பிட்டார்கள்: "நெழலுக்கு வாத்தா, காலு சுடலையா?"

"சுடலையே ஆச்சி."

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே சுடவில்லை. சாயங்காலம் ஆத்தா பத்தியில் நடந்து போனபோது ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூவில் ஈரமாக ஒரு தடம் விழுந்தது. அடுத்த அடியிலும் விழுந்தது. தண்ணீரை மிதித்துவிட்டாள் என்று நினைத்தேன். குனிந்து தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு. காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கொப்பளித்து உடைந்து தொங்கியது. ஆத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பயந்தாள்.

சுட்டால் யாரும் யோசித்துக் காலை எடுப்பதில்லை. சிக்னல் முதுகுத்தண்டைத் தொட்டதுமே அங்கிருந்தே திருப்பி உத்தரவு போய் கால் விலகிவிடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும். ஆத்தாவுக்கு அந்த முதல் சிக்னலே கிளம்பவில்லை. கால் அங்கேயே நின்று வெந்தது.

ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

மார்ச் 7, இரவு

"சிக்னல் எவ்வளவு வேகம்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரே வேகம் இல்லை. இருட்டில் நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் கவனித்துப் பாருங்கள். இடித்தது உடனே தெரியும். அடுத்து சுருக்கென்று ஒரு வலி. அதற்கப்புறம், ஒரு நொடி கழித்து, ஐயோ என்று உட்கார வைக்கும் காந்தல். மூன்றும் வேறுவேறு இழையில் வருகின்றன. தொடு உணர்ச்சி இழை நொடிக்கு 30 முதல் 70 மீட்டர். சுருக் வலி 5 முதல் 30. காந்தல் வலி இழை ஒரு மீட்டர்தான், கூடிப்போனால் இரண்டு. நாம் நடக்கிற வேகம்.

வேகமான இழைகளுக்கு மேலே மையலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். இன்சுலேஷன் என்று சொல்லலாம், ஆனால் முழுக்க மூடியிருக்காது. கரும்பில் கணு இருப்பதுபோல ஒரு மில்லிமீட்டர் போல விட்டு விட்டு இடைவெளி இருக்கும். வெடி அந்தக் கணுக்களில் மட்டும் வெடிக்கும், நடுவில் தாவிவிடும். அதனால்தான் வேகம். காந்தல் இழைக்கு உறையே கிடையாது.

மார்ச் 8, காலை

ஒரு திருத்தம். வெடித்த இடத்தை அந்தப் பம்ப்தான் உடனே சரி செய்கிறது என்று நேற்று ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். தப்பு. சோடியம் கதவு மூடிக்கொள்ள, பொட்டாசியம் கதவு திறந்து பொட்டாசியம் வெளியே போவதால்தான் வோல்டேஜ் பழையபடி இறங்குகிறது. பம்ப் அதன்பாட்டுக்கு மெதுவாகப் பின்னணியில் ஓடுகிறது. சரவெடி உவமையும் இங்கே உதைக்கிறது. சரவெடியில் மருந்து தீர்ந்துவிடும். நரம்பில் ஒரு வெடிக்குச் செலவாகும் சோடியம் கொஞ்சத்திலும் கொஞ்சம். பம்ப்பை நிறுத்திவிட்டாலும் கணவாயின் தடித்த இழை ஆயிரக்கணக்கான தடவை வெடிக்கும். டேங்க் நிறைய தண்ணீர் இருந்தால் மோட்டார் நின்றாலும் குழாய் ஓடுமே, அந்த மாதிரி. ஆனால் என்றைக்காவது டேங்க் காலியாகும்.

மார்ச் 10, இரவு 11.05

ஜாயிண்ட் பற்றிக் கேட்டாயே. நரம்புக்கு நரம்பு எங்கே ஜாயிண்ட் இருக்கிறது என்பதே ஒரு பெரிய சண்டை. இத்தாலிக்காரர் கோல்ஜி, எல்லாம் ஒரே வலை என்றார். ஸ்பெயின்காரர் கஹால், ஒவ்வொரு செல்லும் தனித்தனி, தொடாமல் பக்கத்தில் நிற்கின்றன என்றார். கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தை வைத்தே கஹால் அதைக் காட்டினார். 1906இல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள். கஹால் சொன்னதுதான் நின்றது. அந்த இடைவெளி உள்ள சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். இடைவெளி 20 நானோமீட்டர் அளவு.

இடைவெளியைக் கரண்ட் தாண்டுவதில்லை. சிக்னல் நுனிக்கு வந்ததும் அங்கே கால்சியம் உள்ளே நுழைகிறது. நுனியில் குட்டிக் குட்டிப் பைகளில் வைத்திருக்கும் ரசாயனம் கொட்டுகிறது. எதிர்ப்பக்கம் அதைப் பிடிக்க ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்ததும் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து புது வோல்டேஜ் கிளம்புகிறது. சில ரசாயனம் எதிர்ச் செல்லை வெடிக்கத் தூண்டும், சில வெடிக்காதே என்று அடக்கும். ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து இப்படி வரும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மைனஸ் 55ஐத் தொட்டால்தான் அது தன் பங்குக்கு வெடிக்கும்.

ரசாயனம்தான் என்று காட்டியவர் ஓட்டோ லோவி, 1921இல். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் ஊறிய திரவத்தை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். நரம்பையே தொடாமல் அதுவும் மெதுவாயிற்று. இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்ததாம். எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லையாம். மறுநாளும் அதே கனவு வர, எழுந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனாராம். அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்.

நம் தசையை அசைக்கும் நரம்பும் அதே அசிட்டைல்கோலினைத்தான் கொட்டுகிறது. நம் பக்கம் இது ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், கட்டுவிரியன். அதன் விஷம் நரம்பு நுனியைத் தாக்கி, ரசாயனம் கொட்டுவதையே நிறுத்துகிறது. நல்லபாம்பு விஷம் எதிர்ப்பக்கம் போய் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான். இமை தொங்கும், பேச்சு குளறும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடம் வீங்காது, பெரிசாக வலிக்காது, பல் தடமே தெரியாமல் போகலாம். அதனால் காலையில் இமை தொங்கினால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மருந்து சீக்கிரம் ஏற வேண்டும். நுனி ஒருதடவை கெட்டுவிட்டால் விஷமுறிவு மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது. அது தானாகத் தேறும்வரை வென்டிலேட்டர்தான் காப்பாற்றும்.

மார்ச் 11

ஒரு டீச்சர் திருத்தியிருக்கிறார், சரிதான். எல்லாச் சந்திப்பிலும் இடைவெளியும் ரசாயனமும் இல்லை. சில செல்கள் நேராக ஒட்டி, சின்னச் சின்னக் குழாய் வழியாக மின்சாரத்தை அப்படியே கடத்துகின்றன. 1959இல் நன்னீர் இறால் வகை ஒன்றில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நம் மூளையிலும் உண்டு. இதயத் தசையும் அப்படித்தான் ஒன்றாகத் துடிக்கிறது. ஆக கோல்ஜி சொன்னதிலும் ஒரு துளி இருக்கிறது.

மார்ச் 13, இரவு

பேச்சு சமையலுக்குப் போய்விட்டது. "காரத்துக்கும் நரம்புதானா?" ஆமாம். காரம் நாக்கின் சுவை இல்லை, அது சூடு. 43 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் திறக்கும் ஒரு கதவு காந்தல் இழைகளின் நுனியில் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மிளகும் தட்டுவது அதே கதவைத்தான். செட்டிநாட்டு வறுவலில் மிளகாயும் மிளகும் சேர்ந்தே விழுவதால் கதவு இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டப்படுகிறது. தண்ணீர் குடித்தால் காரம் போகாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. மோர் குடிக்க வேண்டும்.

சுவைக்கு நாக்கில் மொட்டு வேண்டும், காரத்துக்கு அது தேவையில்லை. மிளகாய் காம்பு கிள்ளிய கை ராத்திரி முழுக்க எரிகிறதே.

ஆத்தாவின் காலில் மரத்த இடத்துக்கு மேலே ராத்திரியில் தீயாக எரியும். அதற்கு டாக்டர் கொடுத்த களிம்பில் இருப்பதும் கேப்சைசின்தான். கதவை ஓயாமல் தட்டித் தட்டி அந்த நுனியையே ஓய வைத்துவிடுமாம். மிளகாயைக் காலில் தடவச் சொல்கிறாரே என்று ஆத்தா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்று வாரத்தில் எரிச்சல் பாதி குறைந்தது.

மார்ச் 16, இரவு 8.30

தம்பி, உன் கேள்விக்கு இப்போதுதான் நேராக வருகிறேன்.

வெட்டுப்பட்ட நரம்பை டாக்டர்கள் தைக்கிறார்கள். ஆனால் உள்ளே இழை ஒட்டுவதில்லை. வெட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதி அழிந்துவிடும். செல் பக்கத்திலிருந்து புது இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து போக வேண்டும். தைப்பது அதற்கு வழி காட்டத்தான்.

உங்கள் ஐயாவுக்கு எங்கேயும் வெட்டு இல்லை. கால் பெருவிரல் வரை போகும் இழையின் செல் கீழ்முதுகுப் பக்கம் இருக்கிறது. இழைக்கு வேண்டிய புரதம், சரக்கு எல்லாம் அங்கே தயாராகி இழைக்குள்ளேயே பயணம் செய்து நுனிக்கு வருகிறது. வேகமான வண்டியே நாளுக்கு 400 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டருக்கு இரண்டரை நாள். சர்க்கரை கூடியே இருந்தால் இழைக்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெடுகின்றன, இழையும் நேராகவே கெடுகிறது. எது நீளமோ அது முதலில் தளரும். அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்துச் சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. ஒயருக்குச் சோறு வேண்டாம், இதற்கு வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு ஆத்தாவை இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டது எனக்கு ரொம்பவே உறுத்தியது.

போன மாதம் ஆத்தாவுக்கு நரம்பு வேகம் பார்த்தார்கள். கணுக்காலில் ஒட்டிய பட்டையில் ஷாக் கொடுத்ததும் பாதத் தசை துள்ளியது. முட்டி பக்கமும் கொடுத்து, இரண்டுக்கும் நேர வித்தியாசத்தை எடுத்துத் தூரத்தை வகுக்கிறார்கள். நொடிக்கு 36 மீட்டர் வந்தது. காலில் 40க்கு மேல் இருக்க வேண்டும். அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்தபோது, "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்று டாக்டரிடம் சொன்னாள்.

ஐயாவைக் கூட்டிப்போய் இந்தப் பரிசோதனைகளைச் செய்துவிடு. வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனையும் கேள். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம், அதனாலும் கால் மரக்கும், அது சரிசெய்யக்கூடியது. மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மார்ச் 19, காலை 9.10

ஆத்தாவுக்குப் பால்குட நேர்த்திக்கடன் இருந்தது. வெறுங்கால் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு நாள் வாக்குவாதம். கடைசியில் தடித்த காட்டன் சாக்ஸுக்கு ஒத்துக்கொண்டாள். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே, ரோடு குளிர்ச்சியாக இருக்கும்போதே போய் வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது சாக்ஸின் அடியில் ஒரு நெருஞ்சி முள் ஏறி நின்றது. கழற்றினால் உள்ளங்காலில் எள்ளளவு ரத்தப் புள்ளி. கழுவி மருந்து வைத்தேன். எந்த இடத்தில் ஏறியது என்று கேட்டேன். ஆத்தாவுக்குத் தெரியவில்லை.